வேலையைப் பற்றிக் கேளுங்கள்: திருகோணமலை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் ஆட்களை வேலைக்குச் சேர்க்கும் முதலாளிமார், முகாமையாளர்கள், நேர்முகப் பரீட்சைக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சுற்றுலாப் பருவம் தொடங்குவதற்கு முன் நீங்கள் ஆள் தேடத் தொடங்குவீர்கள். கடல் அடங்கி, புறாத்தீவுக்குப் படகுகள் நெருக்கியடித்து ஓடுகிற மே மாதத்துக்குள் வரவேற்பு மேசை, சமையலறை, களஞ்சியம், கணக்கு என்று எல்லா இடத்துக்கும் ஆள் வேண்டும். நகரத்துக் கடைகளும் தனியார் வைத்தியசாலைகளும் நிதி நிறுவனங்களும் ஆண்டு முழுவதும் தேடிக்கொண்டே இருக்கின்றன. எல்லோரிடமிருந்தும் வருவது ஒரே முறைப்பாடு: "இங்கே நல்ல ஆட்கள் கிடைப்பதில்லை." கடைசியில் வெளி மாவட்டத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, அவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். பருவம் முடிந்ததும் அவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் அதே முறைப்பாடு.

நான் நீண்ட காலம் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆளணிப் பிரிவில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பகுதிப் பிள்ளைகளை நேர்முகப் பரீட்சைக்குப் பழக்குகிறேன். அதற்குப் பணம் வாங்குவதில்லை. ஆகவே யாருக்கும் பயந்து எழுத வேண்டிய தேவையும் எனக்கு இல்லை.

நல்ல ஆட்கள் உங்கள் வாசலுக்கு வருகிறார்கள். பத்து நிமிடம் உங்கள் முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். நீங்கள் அவர்களிடம் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

மூதூரிலிருந்து ஒரு பெண்பிள்ளை என்னிடம் வந்தாள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. கடற்கரை விடுதி ஒன்றில் களஞ்சிய உதவியாளர் வெற்றிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய சுயவிவரக் கோவையில் 'அனுபவம்' என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

"பரீட்சை முடிந்த பிறகு என்ன செய்தாய் மகள்?"

"வீட்டில்தான் இருந்தேன், மிஸ். வாப்பாவின் கடையில் கொஞ்சம் உதவி."

இந்தக் 'கொஞ்சம் உதவி'யை நான் எளிதில் விடுவதில்லை. தோண்டிக் கேட்டேன். இறங்குதுறைப் பக்கம் இருக்கிற சில்லறைக் கடை. வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் மீனவர்கள். கடலுக்குப் போகும்போது அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கடனுக்கு எடுப்பார்கள். மீன் விற்ற பிறகு கொடுப்பார்கள். வாப்பா எல்லாவற்றையும் ஒரே கொப்பியில், வந்த வரிசையில் எழுதி வைத்திருந்தார். யார் எவ்வளவு தர வேண்டும் என்று பார்ப்பதற்கே அரை நாள் போகும். அதற்குள் சண்டையும் வந்துவிடும்.

பிள்ளை என்ன செய்திருக்கிறாள்? ஆளுக்கு ஒரு பக்கம் போடாமல் படகுக்கு ஒரு பக்கம் போட்டிருக்கிறாள். ஒரே படகில் போகிற நால்வரின் கடனும் ஒரே இடத்தில். படகு கரைக்கு வந்து மீன் நிறுத்து முடிந்த அன்றே கணக்குப் பார்த்து, படகின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கையெழுத்து வாங்கி, ஒரு துண்டை அவரிடமே கொடுத்திருக்கிறாள். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அரிசிக்கும் பால்மாவுக்கும் கடன் உண்டு. சிகரெட்டுக்கும் ரீலோடுக்கும் கடன் கிடையாது என்று விதி வைத்திருக்கிறாள். பழைய பாக்கியில் பாதிக்கு மேல் வசூலாகிவிட்டது. வாப்பா முதலில் கோபித்திருக்கிறார், பிறகு கொப்பியை முழுதாக அவள் கையில் கொடுத்துவிட்டார்.

களஞ்சிய உதவியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? வரவு, செலவு, இருப்பு, கடன், கையெழுத்து, அதோடு வளர்ந்த ஆண்களிடம் "இல்லை" என்று சொல்லும் துணிவு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அனுபவம் என்ற இடத்தில் கோடு இழுத்திருக்கிறாள்.

அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று பழக்கினேன். என்ன நிலைமை இருந்தது, உன் பொறுப்பு எது, நீ என்ன செய்தாய், அதனால் என்ன ஆனது என்று நான்கு படிகளில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் முதல் மூன்றையும் ஒருவாறு சொல்லிவிடுவார்கள். நான்காவதில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தன்னைப் பற்றித் தானே பெருமையாகப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள். தான் தனியாகச் செய்ததையும் குடும்பம் செய்ததாகவே சொல்வார்கள். "பாக்கி பாதிக்கு மேல் வந்தது" என்று அவள் வாயிலிருந்து தயங்காமல் வருவதற்கு ஒரு பின்னேரம் முழுவதும் பிடித்தது.

பிறகு அவள் உங்களில் ஒருவரிடம் போனாள். விடுதியின் பெயர் வேண்டாம். மூன்று பேர் அமர்ந்திருந்தார்களாம். அப்பா என்ன செய்கிறார்? எந்த ஊர்? எத்தனை சகோதரங்கள்? கல்யாணம் பேசுகிறார்களா? முடித்தால் வேலையை விட்டுவிடுவீர்களா? மூதூரிலிருந்து தினமும் எப்படி வருவீர்கள்? கடைசியாக, உங்கள் பலவீனம் என்ன? முடிந்தது. "அறிவிக்கிறோம்" என்றார்கள். எதுவும் அறிவிக்கவில்லை.

அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவருக்கு, "நீங்கள் அந்தக் கடையில் என்ன செய்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி வரவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. கதவு வரை போய்த் தட்டாமல் திரும்பியிருக்கிறார்.

அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். போக்குவரத்து பற்றிய கேள்வி நியாயமானது. மூதூர் வழியிலுள்ள கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்ட பிறகு பாதைப் படகுக்குக் காத்திருக்கும் காலம் போய்விட்டது. ஆனாலும் இரவு வேலை முடித்தவருக்கு பஸ் இருக்காது. அதைக் கேட்க வேண்டியதுதான். வேலை நேரம் இது, இரவு முறை இத்தனை நாள், வாகன வசதி உண்டு அல்லது இல்லை என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு, "உங்களால் வர முடியுமா?" என்று ஆண் பெண் எல்லோரிடமும் கேளுங்கள். பதில் அவர்களுடையது.

கல்யாணக் கேள்விக்கு எந்த நியாயமும் இல்லை. அதே நாளில் வந்த ஆண்பிள்ளைகளிடம் அதைக் கேட்டீர்களா? பிரசவ விடுமுறை 84 நாள் கொடுக்க வேண்டி வருமே என்ற பயத்தில் ஓர் ஊழியரை இழப்பவருக்கு, பருவத்தின் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆளால் வருகிற நட்டம் தெரியாமலா இருக்கும்?

ஊர்க் கேள்விக்கும் ஒரு வார்த்தை. எங்கள் மாவட்டத்தில் ஊரின் பெயரைச் சொன்னாலே ஒருவரின் இனமும் மதமும் பெரும்பாலும் தெரிந்துவிடும். கேட்பவருக்கும் அது தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். முகவரி விண்ணப்பத்தில் இருக்கிறது. மேசையில் வைத்து மறுபடியும் கேட்கத் தேவையில்லை.

'பலவீனம் என்ன' என்ற கேள்விக்கு நூறு பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "அளவுக்கு மீறி உழைப்பது என் பலவீனம்." இணையத்தில் மனப்பாடம் செய்தது. கேட்பவருக்கும் சிரிப்பு வராது, சொல்பவருக்கும் வெட்கம் வராது. அந்த நேரத்தில் ஒரு தேநீராவது குடிக்கலாம்.

இனி ஆய்வுகளைப் பார்ப்போம். நான் சொல்வதை ஓய்வு பெற்ற ஒருத்தியின் புலம்பல் என்று தள்ளிவிடாமல் இருக்கத்தான் இது. 1998இல் பிராங்க் ஷ்மிட், ஜோன் ஹண்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஆட்களைத் தெரிவு செய்யும் முறைகளைப் பற்றி 85 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தெரிவின்போது போட்ட மதிப்பெண், பிறகு அந்த ஆள் வேலையில் எப்படி இருந்தார் என்பதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதே கேள்வி. முழுமையாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லை என்றால் 0. வேலையின் ஒரு பகுதியைச் செய்துகாட்டச் சொல்லும் சோதனைக்கு 0.54 கிடைத்தது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பிடும் நேர்முகத்துக்கு 0.51. வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகத்துக்கு 0.38. படித்த ஆண்டுகளுக்கு வெறும் 0.10. பிறகு 2022இல் போல் சாக்கெட்டும் சகாக்களும் இந்தக் கணக்கைத் திருத்தி எழுதினார்கள். பெரும்பாலான எண்கள் இறங்கின. ஒழுங்கான நேர்முகம் 0.42 என்ற எண்ணோடு முதலிடத்துக்கு வந்தது, ஒழுங்கற்றது 0.19க்குச் சரிந்தது. அதாவது, நீங்கள் அதிகம் நம்புகிற 'ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்' என்ற முறைதான் மிகவும் பின்னால் நிற்கிறவற்றில் ஒன்று.

செய்துகாட்டச் சொல்வதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. களஞ்சியத்துக்கு என்றால், கிழிந்த பற்றுச்சீட்டு பத்தும் ஒரு வெற்றுத் தாளும் கொடுத்து, "இதை ஒழுங்குபடுத்துங்கள்" என்று அரை மணி நேரம் விடுங்கள். வரவேற்பு மேசைக்கு என்றால், அறையில் குளிரூட்டி வேலை செய்யவில்லை என்று கோபமாக எழுதிய விருந்தினருக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு ஆங்கிலம் உண்மையாகவே தேவை. ஆகவே ஆங்கிலத்தில் எழுதட்டும். சிங்களத்தில் பேச வேண்டிய இடம் என்றால் சிங்களத்தில் பேசிப் பாருங்கள். நாள் முழுவதும் தமிழில் நடக்கிற களஞ்சிய வேலைக்கு ஆங்கிலத்தில் நேர்முகம் வைத்து, பிள்ளை திணறுவதைப் பார்த்துவிட்டுத் 'தன்னம்பிக்கை போதாது' என்று எழுதி வைப்பது எந்த வகையில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

உப்புவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவரின் விஷயமும் உண்டு. படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவதில் அவருக்கு நிகர் அந்தக் கரையில் குறைவு. சாதாரண தரத்தில் கணிதம் தவறிவிட்டது. ஒரு நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவுக்குப் போனார். நீர்ப்பம்பி, மின்பிறப்பாக்கி எல்லாம் பார்க்கிற வேலை. பெறுபேற்றுத் தாளைப் பார்த்ததும் கோப்பை மூடிவிட்டார்கள். பம்பி ஒன்றைக் கழற்றித் தரையில் வைத்திருந்தால் கால் மணி நேரத்தில் விஷயம் முடிந்திருக்கும்.

அந்தத் தம்பியைப் போன்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய தொழில் தகைமை என்று ஏழு மட்டங்கள் உள்ள ஒரு முறை நாட்டில் இருக்கிறது. பாடநெறி படிக்காமலே, ஏற்கெனவே வேலையில் கற்ற திறமையைச் செய்துகாட்டி அந்தச் சான்றிதழைப் பெறலாம். செய்த வேலைகளின் விவரம், படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதம் ஆகியவற்றைக் கோப்பாகத் தொகுத்துக் கொண்டுபோனால், மதிப்பீட்டாளர் நேரில் கேட்டும் செய்யச் சொல்லியும் பார்ப்பார். அந்தத் தம்பி இப்போது தன் கைபேசியில் ஒவ்வொரு எஞ்சினையும் பிரிப்பதற்கு முன்னும் பூட்டிய பின்னும் படமெடுத்து வைத்திருக்கிறார். இனி ஒருவர் உங்கள் முன்னால் கைபேசியை எடுத்து, "ஐயா, நான் செய்ததைக் காட்டலாமா?" என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

என் பக்கத்துப் பிழை ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் பிள்ளைகள் உங்கள் முன்னால் வந்து சொல்கிற சில வார்த்தைகள் எனக்கும் எரிச்சல் தருபவை. "ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள்?" என்று கேட்டால், "வீட்டில் கஷ்டம், ஐயா" என்பார்கள். கஷ்டம் உண்மைதான். போரும் சுனாமியும் இடப்பெயர்வும் 2022இன் விலையேற்றமும் தொடாத வீடு இங்கே எது? ஆனால் வீட்டுக் கஷ்டத்தால் உங்கள் நிறுவனத்துக்கு என்ன கிடைக்கும்? "உங்கள் விடுதியைப் பற்றி விருந்தினர்கள் எழுதியதைப் படித்தேன்; காலை உணவு பிந்துகிறது என்று பலர் குறைப்பட்டிருக்கிறார்கள்; எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் விடியற்காலை வேலையை நான்தான் பார்த்தேன்" என்று சொல்லப் பழகு என்கிறேன். இரக்கம் கேட்டு வாங்கிய வேலையில் சம்பள உயர்வு கேட்க வாய் எழாது என்றும் சொல்லி வைக்கிறேன்.

அதே நேரம், அந்த இரக்கத்தை விரும்புகிற முதலாளிமாரும் உங்களில் இருக்கிறார்கள். வேலை கொடுப்பதைத் தருமம் செய்வதாக நினைக்கிறார்கள். நேராக அமர்ந்து, கண்ணைப் பார்த்து, "என்னால் இதைச் செய்ய முடியும்" என்று சொல்கிற பிள்ளையைத் 'திமிர் பிடித்தது' என்று ஒதுக்கிவிட்டு, தலை குனிந்து நின்றவரை எடுக்கிறார்கள். பிறகு, "எதையும் சொன்னால்தான் செய்கிறார், தானாக ஒன்றும் செய்வதில்லை" என்று என்னிடமே வந்து குறை சொல்கிறார்கள். தேடி எடுத்தது அதைத்தானே?

சிபாரிசுக் கடிதத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அரசியல்வாதியின் கடிதத்தோடு வந்தவரை எடுத்தீர்களானால், அவரை நீக்குவதற்கும் அதே அரசியல்வாதியிடம் போக வேண்டியிருக்கும். அது உங்களுக்கே தெரியும்.

சம்பளத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டும். "கவர்ச்சிகரமான சம்பளம்" என்று விளம்பரம் போடுகிறீர்கள்; மேசையில் எண் சொல்வதில்லை. பிள்ளை கேட்டால், "முதலில் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம்" என்கிறீர்கள். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தன் கையிலிருந்து 3 வீதம். தகுதிகாண் காலம் என்று பெயர் வைத்தாலும் முதல் நாளிலிருந்தே இது செல்லும். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உரிய 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். விடுதிகளில் சேவைக் கட்டணத்தை எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை மாதக் கடைசியில் சக ஊழியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், கசப்பு உங்கள் மேல்தான் விழும்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்ற கேள்வியை வாசலைக் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள். இதையெல்லாம் கேட்கும்படி நான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்றும் கேட்பார்கள்: "முதல் மூன்று மாதத்தில் என்னிடம் நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் குழுவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த இடங்களும் உண்டு என்று கேள்விப்படுகிறேன். அந்த வெற்றிடத்துக்கு ஆள் எதற்கு என்று நீங்கள் யோசித்து முடிக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

இது யாருக்கு எழுதப்பட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். வேலையற்றவர்கள் அரசாங்கத்திடம்தானே கேட்க வேண்டும்? கேட்டுத்தான் பார்த்தார்கள். 2017இல் கிழக்கு மாகாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவில் அமர்ந்தார்கள். 2020இல் நாடு முழுவதும் பட்டதாரிகளை 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநர்களாக எடுத்தார்கள். ஆனாலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் படிப்பு முடித்து வெளியே வருகிறார்கள். அத்தனை பேருக்கும் அரச நாற்காலி இல்லை. சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களைப் பற்றி 2022இல் ஒப்பந்தம் வந்தபோதும், சம்பூரின் சூரியசக்தித் திட்டத்தைப் பற்றிப் பேசும்போதும், 'உள்ளூர் இளைஞருக்கு வேலை' என்ற வார்த்தை கூடவே வருகிறது. அந்த வேலைக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடுவில் ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் போட்டு அமர்ந்திருப்பவர்கள் நீங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தெரிவாகாதவர்களுக்கும் பதில் அனுப்புங்கள். கைபேசியில் இரண்டு வரி போதும். "அறிவிக்கிறோம்" என்ற சொல்லை நம்பி, வேறு வேலைக்கு விண்ணப்பிக்காமல் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முடிந்தால் காரணத்தையும் எழுதுங்கள்: கணினியில் கணக்குப் பதியத் தெரியவில்லை, ஆங்கிலம் இன்னும் வேண்டும் என்று. ஆறு மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டு உங்களிடமே திரும்பி வருவார்கள்.

வரும் பருவத்துக்கு ஆள் எடுக்கும் முன், ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் ஆறு கேள்விகளும் ஒரு செய்முறைச் சோதனையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகளைத் தமிழிலும் எழுதுங்கள். எழுதுவதற்கு உதவி வேண்டுமானால் நான் வருகிறேன். உங்கள் குழுவோடு ஒரு நாள் அமர்ந்து செய்து கொடுக்கிறேன், கட்டணம் இல்லை. மூதூர்ப் பிள்ளை இன்னும் வேலை தேடுகிறாள். அவளுடைய சுயவிவரக் கோவையில் இப்போது கோடு இல்லை. அந்த இடத்தில் ஐந்து வரிகள் இருக்கின்றன. களஞ்சியத்துக்கு ஆள் தேடுபவர்கள் அந்த ஐந்து வரிகளைப் படித்துவிட்டு, அவற்றிலிருந்து கேள்வி கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் பிள்ளைகளைப் பழக்கி அனுப்பும் ஒருத்தி,
திருகோணமலை.